பழைய பிசி, 4 ஜிபி ரேம்: மெஷின் தவழாமல் விளம்பரத்தையும் நம்மைப் பின்தொடரும் டிராக்கரையும் தடுக்க எது போதும்?

திருவாரூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது பழைய ஐ3 டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா காலையில் நாலைந்து தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்து வைத்துப் படிப்பார், தங்கை டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறாள், ராத்திரியில் நான் கொஞ்ச நேரம் உட்காருவேன், அவ்வளவுதான் அதன் வேலை.

எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் ஒரே கதைதான். தலைப்பு வரும், அப்பா முதல் வரியைப் படிக்கத் தொடங்குவார், அதற்குள் மேலே ஒரு பட்டை விரிந்து பத்தியைக் கீழே தள்ளிவிடும், அதைத் தேடிப் பிடிப்பதற்குள் வலது மூலையில் ஒரு வீடியோ சத்தத்தோடு ஓடும், மூடலாம் என்று பெருக்கல் குறியைத் தொட்டால் அது நகர்ந்து வேறு ஏதோ பக்கம் திறக்கும். இது போதாதென்று, பிரவுசரில் எதையும் திறக்காத நேரத்திலும் திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று ஆங்கிலத்தில் பெட்டி பெட்டியாக வருகிறது. அப்பா ஒவ்வொரு தடவையும் பயந்துபோய் என்னைக் கூப்பிடுகிறார்.

இதற்காக ஆளுக்கொன்று சொல்ல, குரோமில் இப்போது மூன்று தடுப்பான்கள் இருக்கின்றன. ஒரு வீடியோவைப் பார்த்து விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் விளம்பர முகவரிகளாக லட்சத்துக்கு மேல் வரிகளை ஒட்டியிருக்கிறோம். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் வெப் ஷீல்டும் தனியாக ஓடுகிறது. விளம்பரம் குறைந்திருப்பது உண்மைதான், ஆனால் பிரவுசர் திறக்கவே ஒரு டீ குடித்து வரலாம் போலிருக்கிறது, எழுத்து அடித்தால் கொஞ்சம் கழித்துத்தான் திரையில் வருகிறது, டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை.

தடுப்பான் என்று வந்தாலே மெஷின் மந்தமாகத்தான் செய்யுமா? ஒன்றே ஒன்று போதும் என்றால் எது? ஹோஸ்ட்ஸ் ஃபைல் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா? அப்பா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

எழிலரசு_லினக்ஸ்

தம்பி, தடுப்பானால் மெஷின் மந்தமாகவில்லை. ஒரே வேலையை ஐந்து பேரிடம் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான். ஒரு நல்ல தடுப்பானைச் சரியாக வைத்தால் 4 ஜிபி மெஷின் முன்பைவிட வேகமாகத்தான் ஓடும். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், காரணம் புரிந்தால் அடுத்த வீடியோவைப் பார்த்து இன்னொன்றைப் போடத் தோன்றாது.

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது கட்டுரையின் எழுத்தும் படமும் வருவது சின்ன வேலை. மீதியெல்லாம் பின்னால் நடப்பது. அந்த விளம்பர இடத்தை யாருக்கு விற்பது என்கிற ஏலமே பல தளங்களில் உங்கள் பிரவுசருக்குள்தான் நடக்கிறது, பக்கத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒரே நேரத்தில் பல விளம்பர நிறுவனங்களிடம் விலை கேட்கும், ஒவ்வொன்றும் உங்களை அடையாளம் காண, உங்கள் பிரவுசரில் முன்பு விட்டுப்போன தன் குறிப்பை, அதாவது குக்கியைத் தேடும், ஜெயித்த விளம்பரம் பக்கத்துக்குள் பக்கமாகத் தனக்கென்று ஒரு ஐஃபிரேம் திறக்கும், அது கண்ணில் பட்டதா என்று அளக்க இன்னொரு ஸ்கிரிப்ட் வரும், கொஞ்ச நேரம் கழித்து விளம்பரத்தை மாற்ற எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். இத்தனையையும் இறக்கி, படித்து, ஓட்டுவது உங்கள் வீட்டு ஐ3தான். நல்ல தடுப்பான் அந்தக் கோரிக்கை வெளியே போவதற்கு முன்பே நிறுத்திவிடும். வராத ஸ்கிரிப்டுக்கு ரேமும் வேண்டாம், சிபியுவும் வேண்டாம்.

தடுப்பான் ரேமைத் தின்னும் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் செய்யும் மோசில்லாவைச் சேர்ந்த நிக்கோலஸ் நெதர்கோட் என்பவர் ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானை அளந்து எழுதினார், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு ஐஃபிரேமுக்கும் சுமார் 4 எம்பி கூடுதலாகப் போகிறது என்று. மறைக்க வேண்டியவற்றின் பெரிய பட்டியலை ஒவ்வொரு ஐஃபிரேமுக்குள்ளும் முழுசாகத் திணித்ததுதான் காரணம். அதே ஆண்டு ரேமண்ட் ஹில் என்பவர் வெளியிட்டதுதான் யூபிளாக் என்ற தடுப்பான், ரேமும் சிபியுவும் குறைவாகச் செலவாக வேண்டும் என்பதை முதல் நோக்கமாக வைத்து எழுதினார். 2015-இல் அவர் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனதுதான் இன்றைய யூபிளாக் ஆரிஜின். பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், வெறும் 'யூபிளாக்' என்று இருப்பது வேறு ஆட்களுடையது. ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை.

இப்போது பிரவுசர். தடுப்பான் போல பிரவுசரில் சேர்க்கும் சின்ன மென்பொருளுக்கு நீட்டிப்பு என்று பெயர். குரோம் தன் நீட்டிப்பு விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்று மாற்றியது, பழைய வகை நீட்டிப்புகளை 2024-இல் அணைக்கத் தொடங்கி 2025-இல் முழுசாக முடித்துவிட்டார்கள். அதனால் முழு யூபிளாக் ஆரிஜின் இன்று குரோமில் ஓடாது. 'லைட்' என்ற பதிப்பு ஓடும். ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையையும் வைத்திருக்கிறது, அங்கே முழுப் பதிப்பு ஓடும். என் யோசனை: அப்பாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ் போடுங்கள், புக்மார்க்குகளைக் குரோமிலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும், டெஸ்க்டாப்பில் குரோம் ஐகான் இருந்த இடத்தில் இதன் ஐகானை வையுங்கள், அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

போட்ட பிறகு யூபிளாக் ஆரிஜின் டாஷ்போர்டில் ஃபில்டர் லிஸ்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள், எதையெல்லாம் தடுப்பது என்ற பட்டியல்கள் அங்கேதான் இருக்கும். ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி, பீட்டர் லோவின் பட்டியல், யூபிளாக்கின் சொந்தப் பட்டியல்கள், இதெல்லாம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அதை அப்படியே விடுங்கள். கீழே ரீஜியன்ஸ், லேங்குவேஜஸ் பகுதியில் 'இந்தியன்லிஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் கூடுதலாக டிக் செய்யுங்கள். தமிழ்த் தளங்களில் வரும் உள்ளூர் விளம்பரங்களுக்கு அதுதான் சரி. ஆங்கில இடைமுகத்தில் நிறுவியிருந்தால் அது தானாகத் தேர்வாகாது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கூடவே 'இக்னோர் ஜெனெரிக் காஸ்மெட்டிக் ஃபில்டர்ஸ்' என்ற பெட்டியையும் டிக் செய்யுங்கள். எல்லாத் தளத்துக்கும் பொதுவான மறைப்பு விதிகளை அது விட்டுவிடும், அங்கங்கே காலிப் பெட்டி தெரியலாம், ஆனால் பழைய மெஷினுக்கு நல்ல விடுதலை. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் அந்தப் பெட்டி முதலிலேயே டிக் ஆகித்தான் வருகிறது.

தயவுசெய்து எல்லாப் பட்டியலையும் டிக் செய்யாதீர்கள். நிறையச் சேர்த்தால் நிறையத் தடுக்கும் என்று தோன்றும், பாதி ஒன்றையொன்று திரும்பச் சொல்வதுதான், மீதி பாதி தளங்களை உடைக்கும்.

மற்ற தடுப்பான்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அணைத்து வைப்பது அல்ல, நீக்குவது. இரண்டு தடுப்பான் சேர்ந்து இருந்தால் ரேம் மட்டுமல்ல பிரச்சினை. யூபிளாக் ஆரிஜின் சில ஸ்கிரிப்டுகளைத் தடுப்பதற்குப் பதிலாக, தளம் சந்தேகப்படாதபடி அதே பெயரில் ஒன்றும் செய்யாத ஒரு போலியைக் கொடுக்கும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு தடுப்பான் அதையும் வெட்டிவிட்டால், 'விளம்பரத் தடுப்பானை அணையுங்கள்' என்ற பலகை வந்து நிற்கும்.

வடமராட்சி_வாசன்

எழிலரசு அண்ணை சொன்னது முழுக்கச் சரி. அந்த 'வைரஸ்' பெட்டியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை எந்தத் தடுப்பானும் நிறுத்தாது. அது பக்கத்தில் வரும் விளம்பரமே இல்லை. எப்போதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், வீட்டில் யாராவது அழுத்தியிருப்பார்கள். அது அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதி. அதற்குப் பிறகு குரோம் பின்னணியில் ஓடினாலே போதும், அந்தத் தளத்தைத் திறக்காமலேயே பெட்டி வரும்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பெயர் வரிசையாக இருக்கும். அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவையாகப் பெயர் இருப்பவை எல்லாம் இந்தக் கூட்டம்தான், ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் பிரைவசி பகுதியில் பெர்மிஷன்ஸுக்குக் கீழே இதே இருக்கிறது, புதிய கோரிக்கைகளைத் தடு என்று ஒரு பெட்டி. அப்பாவின் கணனியில் இதை முதலே டிக் செய்து விடுவது நல்லது. இந்த ஒரு வேலையே அவருடைய பயத்தைத் தீர்த்துவிடும்.

இன்னொன்று. இங்கே எங்கள் வீட்டு இணைப்பில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு உண்டு, ஆகவே நான் யூபிளாக் ஆரிஜினின் செட்டிங்ஸில் பெரிய மீடியாவைத் தடுக்கும் தெரிவையும் போட்டு வைத்திருக்கிறேன். 50 கேபிக்கு மேற்பட்ட படம், வீடியோ எதுவும் தானாக இறங்காது, வேண்டிய இடத்தில் அழுத்தினால் வரும். செய்தி வாசிக்கும் ஆளுக்கு இது பெரிய உதவி. மூலையில் தானாக ஓடும் வீடியோவுக்கும் இதுவே மருந்து.

ரிமோட் ஃபாண்ட்ஸ் என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் தளம் தன் எழுத்துருவை இறக்காது, விண்டோஸில் இருக்கும் நிர்மலா எழுத்துருவிலேயே தமிழ் தெரியும். தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்தைவிடப் பெரியவை, அதனால் பக்கம் சட்டென்று வரும். சில தளங்களில் பொத்தான்களின் சின்னங்கள் மட்டும் கட்டமாகத் தெரியலாம். யூனிகோடுக்கு மாறாத பழைய தளம் ஏதாவது வாசிப்பவர் என்றால் அங்கே மட்டும் இதைத் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் எழுத்து புரியாது.

திருவாரூர்க்காரன்

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வாசன் அண்ணா சொன்னது போலவே அர்த்தமில்லாத பெயர்களில் ஒரு பட்டாளமே இருந்தது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். தங்கைக்கு விண்ணப்பம் போடும் தளங்கள் குரோமில்தான் ஒழுங்காக வருகின்றன, அதனால் குரோமை அடியோடு எடுக்க முடியாது. அங்கே லைட் போதுமா? அப்புறம், ஹோஸ்ட்ஸ் ஃபைலை என்ன செய்வது? அது பிரவுசருக்கு வெளியே எல்லாவற்றையும் தடுக்கும் என்கிறார்களே, அதை எடுத்தால் விண்டோஸுக்குள் வரும் விளம்பரங்கள் திரும்ப வருமா?

எழிலரசு_லினக்ஸ்

குரோமுக்கு லைட் போதும். சொல்லப்போனால் வேகம் என்று மட்டும் பார்த்தால் லைட்தான் எல்லாவற்றிலும் எடை குறைந்தது, ஏனென்றால் வடிகட்டும் வேலையைக் குரோமே செய்கிறது, நீட்டிப்பு விதிகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும், பெரும்பாலான நேரம் அது ஓடுவதே இல்லை. குறை என்னவென்றால், புதிய விதிகள் வர நீட்டிப்பே புதுப்பிக்கப்பட வேண்டும், முழுப் பதிப்பில் பட்டியல் மட்டும் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும். சிக்கலான தளங்களில் சில விளம்பரங்கள் தப்பி வரும். ஆப்டிமல் நிலையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

தங்கை பணம் கட்டும்போதோ விண்ணப்பம் அனுப்பும்போதோ பக்கம் சிக்கினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம். கடைசித் தேதி அன்று ராத்திரி போய்ச் சோதிக்காமல் இன்றே ஒரு தடவை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோஸ்ட்ஸ் பற்றி மணி வந்து சொல்லட்டும், அவர் வேலையே அதுதான்.

கேபிள்_மணி

கூப்பிட்டதால் வந்துவிட்டேன். நெட்வொர்க் வேலைதான் எனக்கு, வீடு வீடாகப் போய் ரவுட்டர் மாட்டுகிறவன் என்பதால் இந்த ஹோஸ்ட்ஸ் ஃபைல் கேஸ் நிறையப் பார்க்கிறேன்.

தம்பி, அதைக் காலி செய்யுங்கள். ஹோஸ்ட்ஸ் என்பது ஒரு பெயருக்கு எந்த எண் என்று எழுதி வைக்கிற ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு முகவரியை 0.0.0.0 என்று எழுதிவிட்டால் மெஷின் அதைத் தேடி எங்கும் போகாது. யோசனை நல்லதுதான். ஆனால் அதில் பொதுவிதி எழுத முடியாது, ஒரு நிறுவனத்தின் எல்லாத் துணை முகவரிகளையும் தடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும், அதனால்தான் லட்சக்கணக்கில் வீங்குகிறது. தளத்தின் பெயருக்கு எந்த எண் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு டிஎன்எஸ் என்று பெயர். விண்டோஸில் டிஎன்எஸ் கிளையன்ட் என்ற சேவை ஹோஸ்ட்ஸைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஃபைல் வீங்கினால் அது திணறுவது ரொம்ப நாளாக இருக்கிற தொல்லை, ஹார்ட் டிஸ்க் மெஷினில் கேட்கவே வேண்டாம். அதைவிட முக்கியம், இன்று ஒட்டிய பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், யாரும் அதைப் புதுப்பிப்பதில்லை. ஒரு நாள் ஏதோ ஒரு தளம் திறக்காது, காரணம் ஹோஸ்ட்ஸில் இருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் வராது, என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மைக்ரோசாஃப்டின் தகவல் சேகரிப்பு முகவரிகளை அதில் எழுதியிருந்தால் இன்னொரு கூத்தும் நடக்கும். 2020-இலிருந்து விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிஃபெண்டர் அப்படிப்பட்ட ஹோஸ்ட்ஸ் ஃபைலை ஆபத்து என்று அடையாளம் காட்டுகிறது, சரி என்று சொன்னால் பழையபடி மாற்றிவிடும். உங்கள் மெஷினில் அது நடந்திருந்தால் நீங்கள் ஒட்டியது பாதி வேலையே செய்யாமல்கூட இருக்கலாம்.

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போங்கள், ஹோஸ்ட்ஸ் அங்கேதான். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதன் வழியாக அந்த ஃபைலைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் சேமிக்க விடாது. ஹாஷ் குறி போட்ட வரிகள் வெறும் விளக்கம், அதை விட்டுவிடுங்கள், மற்ற வரிகளை அழித்துச் சேமித்துவிட்டு மெஷினை மறுபடி போடுங்கள்.

அதற்குப் பதில் மெஷின் கேட்கும் டிஎன்எஸ் சர்வரை மாற்றுங்கள். ஆட்கார்டு என்ற விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் இலவச டிஎன்எஸ் எண்கள் 94.140.14.14, 94.140.15.15. விளம்பர முகவரி எது என்று பார்க்கும் வேலை உங்கள் மெஷினில் நடக்காது, அவர்கள் சர்வரில் நடக்கும், அதனால் உங்கள் ரேமில் ஒரு எம்பிகூடப் போகாது. ரவுட்டரில் போட்டால் வீட்டில் இருக்கிற போன், டிவி எல்லாவற்றுக்கும் சேர்த்தே வேலை செய்யும். சில ரவுட்டர்களில் டிஎன்எஸ் மாற்றும் இடத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள், அப்போது விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் போடுங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி இருக்கிற இணைப்பு என்றால் அதற்கும் சேர்த்துப் போட வேண்டும், இதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு 'டிஎன்எஸ் மாற்றியும் விளம்பரம் வருகிறதே' என்று கேட்பார்கள், கேள்வியெல்லாம் ஐபிவி6 வழியாகப் பழைய டிஎன்எஸ்ஸுக்கே போய்க்கொண்டிருக்கும். பிரவுசருக்குள்ளும் செக்யூர் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தால் ரவுட்டரில் நீங்கள் போட்டதை அது கண்டுகொள்ளாது.

டிஎன்எஸ் ஒரு முகவரியை முழுசாகத் தடுக்கும், இல்லை முழுசாக விடும், நடுவில் ஒன்றும் தெரியாது. யூடியூபில் வீடியோ வருகிற அதே சர்வர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது, அதனால் அங்கே டிஎன்எஸ் எதுவும் செய்யாது. காலிப் பெட்டியையும் மறைக்காது. ஆகவே பிரவுசருக்குள் யூபிளாக் ஆரிஜின், வெளியே டிஎன்எஸ். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் வருகிற பரிந்துரைகளுக்கு எதுவும் நிறுவ வேண்டாம், செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், பிரைவசி இரண்டிலும் போய் அணைத்தால் போதும்.

பை-ஹோல் என்று யாராவது சொல்வார்கள், ராஸ்பெர்ரி பை போர்டில் போட்டு வீட்டுக்கே சொந்த டிஎன்எஸ் வடிகட்டி வைப்பது. அருமையான சாமான், 512 எம்பி ரேம் போதும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கரண்ட் போய் வந்து அது எழவில்லை என்றால் வீட்டில் யாருக்கும் நெட் வராது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கமலா_டீச்சர்

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. நான் ஒரு சிறிய தமிழ்த் தளத்தில் எழுதுகிறேன். அங்கே சந்தாவெல்லாம் கிடையாது, பக்கவாட்டில் வரும் இரண்டு விளம்பரங்களில்தான் சர்வர் வாடகை போகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் தடுத்தால் கடைசியில் மிஞ்சுவது, மூலையில் வீடியோ ஓட்டுகிற அந்தப் பெரிய தளங்கள் மட்டும்தான், அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. டிராக்கரைத் தடுங்கள், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் தொல்லை தராத தளத்தில் விளம்பரத்தை விட்டுக் கொடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள்.

எழிலரசு_லினக்ஸ்

டீச்சர் சொல்வதை நான் மறுக்கவில்லை. யூபிளாக் ஆரிஜின் ஐகானைத் தொட்டால் பெரிய நீலப் பொத்தான் வரும், அதை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு அணையும், அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நான் தவறாமல் படிக்கும் சிறிய தளங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அங்கேயும் பின்தொடர்வதைத் தடுக்க, ஃபயர்ஃபாக்ஸின் சொந்தத் தடுப்பு இருக்கிறது. 2019-இலிருந்து எல்லோருக்கும் தானாகவே போட்டிருக்கிறார்கள், 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் பூட்டி வைக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. அதனால் விளம்பரத்தை அனுமதித்தாலும், நீங்கள் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று குக்கியை வைத்துத் தொடர்வது கடினம்.

ஆனால் தடுப்பதே முதல் நிலை, விடுவது விதிவிலக்கு என்பதில் நான் மாறமாட்டேன் டீச்சர். இந்த வீட்டைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் அப்பா போன்ற ஒருவர் உட்கார்ந்து தேடுகிறார், தேடல் முடிவின் உச்சியில் வங்கியின் பெயரில் ஒரு போலி விளம்பரம் வந்தால் அவருக்குத் தெரியுமா? அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் இந்தப் போலி விளம்பரங்களைப் பற்றி எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. வெறும் எரிச்சலைக் குறைக்கிற விஷயம் என்று இதை நான் பார்க்கவில்லை.

மதுரை_மைந்தன்_88

இத்தனை பேர் எழுதியும் பிரேவ் பிரவுசரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. குரோம் போலவே இருக்கும், தடுப்பான் உள்ளேயே கட்டி வருகிறது, நீட்டிப்பே வேண்டாம். தங்கையின் விண்ணப்பத் தளங்களும் குரோமில் ஓடுவது போலவே ஓடும். ஒரே பிரவுசரில் வேலை முடிந்துவிடும், 4 ஜிபியில் இரண்டு பிரவுசர் எதற்கு?

எழிலரசு_லினக்ஸ்

நல்ல யோசனைதான், ஒரே பிரவுசர் வேண்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். உள்ளேயே இருப்பதால் வேகம். ஆனால் முதல் நாள் உட்கார்ந்து அதில் வருகிற வாலட், ரிவார்ட்ஸ், முகப்புப் பக்க விளம்பரப் படங்கள் எல்லாவற்றையும் அணைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அப்பா அதில் எதையாவது அழுத்தி வைப்பார். பெரிய மீடியாவை அளவு வைத்துத் தடுப்பது போன்ற சின்னச் சின்னக் கட்டுப்பாடுகள் யூபிளாக் ஆரிஜினில்தான் கைக்கு வசதி. இரண்டு பிரவுசர் நிறுவி இருப்பது பாரம் இல்லை மைந்தன், இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் பாரம்.

அப்புறம் ஒன்று, தெரியாத பெயரில் வரும் தடுப்பானை யாரும் போடாதீர்கள். 2018-இல் ஆட்கார்டு ஆட்கள் குரோம் கடையில் இருந்த போலித் தடுப்பான்களைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், எல்லாம் சேர்த்து 2 கோடிப் பேருக்கு மேல் நிறுவியிருந்தார்கள். 2020-இல் நானோ ஆட்பிளாக்கர் என்ற நல்ல தடுப்பானே கைமாறியது, வாங்கியவர்கள் அதற்குள் வேவு பார்க்கும் நிரலை நுழைத்தார்கள், கூகுள் அதைக் குரோம் கடையிலிருந்து தூக்கியது. தடுப்பானுக்கு நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கமும் தெரியும். டிராக்கரைத் தடுக்கப் போட்டதே டிராக்கராகிவிட்டால் அதைவிடக் கொடுமை வேறில்லை. திருவாரூர்க்காரரே, நீங்கள் நீக்கப்போகும் அந்த மூன்றின் பெயரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

திருவாரூர்க்காரன்

எல்லாம் செய்துவிட்டேன். மூன்றில் இரண்டு பரவாயில்லை, ஒன்றின் பெயர் குரோம் கடையிலேயே இப்போது இல்லை, அதனால் தங்கையையும் என்னையும் சேர்த்து முக்கியமான கடவுச்சொற்களை மாற்றிவிட்டோம். ஹோஸ்ட்ஸைக் காலி செய்தேன், ரவுட்டர் பூட்டித்தான் இருந்தது, அதனால் விண்டோஸில் மணி அண்ணா சொன்ன எண்களைப் போட்டேன். வைரஸ் தடுப்பு மென்பொருளின் வெப் ஷீல்டை எடுத்துவிட்டு டிஃபெண்டரை மட்டும் வைத்திருக்கிறேன், இது சரிதானே?

வித்தியாசம் பெரிசு. பிரவுசரின் மோர் டூல்ஸ் மெனுவில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதே செய்திப் பக்கத்தைத் தடுப்போடும் தடுப்பில்லாமலும் பார்த்தேன். தடுப்பில்லாமல் திறந்தால் பக்கம் முழுசாக வந்து நின்ற பிறகும் சிபியு இறங்கவே மாட்டேன் என்கிறது, தடுப்போடு திறந்தால் எழுத்து வந்ததும் அடங்கிவிடுகிறது. டிஸ்க் விளக்கும் இப்போது அணைந்து அணைந்து எரிகிறது. அப்பா இன்று காலையில் எல்லாத் தளத்தையும் படித்து முடித்துவிட்டு, 'நெட் மாற்றினாயா?' என்று கேட்டார். டீச்சர் எழுதும் தளத்தின் பெயரைத் தனியாக அனுப்பினால் அதை அனுமதித்து வைக்கிறேன்.

ஒரே ஒரு பாக்கி. யூடியூபில் நேற்று விளம்பரம் வரவில்லை, இன்று வீடியோவே சுற்றிக்கொண்டு நிற்கிறது.

கேபிள்_மணி

டிஃபெண்டர் போதும், சரிதான்.

யூடியூப் 2023-இலிருந்து தடுப்பான்களை விரட்டிக்கொண்டே இருக்கிறது, அவர்கள் மாற்ற மாற்ற தடுப்பான் ஆட்கள் பட்டியலைத் திருத்துவார்கள், நடுவில் சில மணி நேரம் இப்படி இருக்கும். யூபிளாக் ஆரிஜினில் ஃபில்டர் லிஸ்ட்ஸ் பக்கம், மேலே இருக்கும் பட்டனில், சேமித்து வைத்திருக்கும் பழைய பட்டியல்களை, அதாவது கேஷைத் துடைத்துவிட்டு 'அப்டேட் நவ்' அழுத்துங்கள், 'குவிக் ஃபிக்ஸஸ்' பட்டியல் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் யூடியூப் டேபை மூடிவிட்டுத் திறங்கள். வேறு எந்த நீட்டிப்பும் போட வேண்டாம்.